என் தோளுக்கென்று செய்த துப்பாக்கி

பெருமதிப்புக்குரிய வெர்னா அக்காவுக்கு,

பென்சில்வேனியாவிலிருந்து உன் தம்பி டெல்பர்ட் மிகுந்த மரியாதையோடும் அதைவிட மிகுந்த கோபத்தோடும் எழுதுவது. ஒஹாயோவில் நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் வலி இந்நேரம் குறைந்திருக்கும். இங்கே ஆப்பிள் கிண்டி ஜாடியில் அடைத்தாயிற்று, முதல் பனியும் விழுந்தாயிற்று, என் வீட்டுக்காரி ஆர்லீன் மிக மிக நன்றாக இருக்கிறாள். அவள் நன்றாக இருப்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே.

நான் எனக்கென்று ஒரு துப்பாக்கிக்குத் தோளில் அணைக்கும் மரக்கட்டை செய்துகொண்டிருந்தது உனக்குத் தெரியும். குழலையும் இரும்பையும் வாங்கிவிடலாம், எவனும் வாங்கலாம். கட்டைதான் மனுஷனுடைய கைவேலை. வரிவரியாகக் கரும்பழுப்பு ஓடுகிற வால்நட் பலகை ஒன்றை இரண்டு வருஷம் பரணில் காயப்போட்டு, அதை எடுத்துச் செதுக்கத் தொடங்கிய வசந்த காலத்தில்தான் நான் மரத்தின் மேலிருந்த வேட்டைப் பரணிலிருந்து விழுந்து வலது தோளைப் பெயர்த்துக்கொண்டேன். டாக்டர், கையை இடுப்புக்கு மேலே தூக்காதே, மான் வேட்டை தொடங்கும்வரை எந்தத் துப்பாக்கியையும் தோளில் வைக்காதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மேசையில் குனிந்து செதுக்கத் தடையில்லை. ஆகவே செதுக்கினேன். பழைய துப்பாக்கியைக் கோடையிலேயே மருமகனுக்குத் தூக்கிக் கொடுத்தும்விட்டேன், அவ்வளவு நம்பிக்கை.

செதுக்குவது என்றால் சும்மா இல்லை. இரும்பில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசி, கட்டையின் பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுத்தால், எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் மயிரிழை சுரண்ட வேண்டும்; மறுபடி கரி, மறுபடி அழுத்து, மறுபடி சுரண்டு, இப்படியே ஒரு கோடைகாலம். அந்தக் கரி கதவுப்பிடியில் ஏறி, அங்கிருந்து ஆர்லீனின் ரொட்டி மாவில் ஏறி, ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரின் வெள்ளை அங்கியில் என் ஐந்து விரலும் பதிந்ததற்கு நான் என்ன செய்வேன், அவர்தான் முதலில் கை நீட்டினார். கட்டையில் விழுந்த ஒரு பள்ளத்தை ஈரத்துணி போட்டு ஆவியில் எழுப்ப ஆர்லீனின் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன், பள்ளம் எழுந்தது, அடுத்த நாள் அவளுடைய நல்ல ரவிக்கையில் வால்நட் நிறமும் எழுந்தது. ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும் என்று பொறுப்பாகக் கொடியில் விரித்துக் காயப்போட்டேன். பக்கத்து வீட்டுக்காரி அதை என் உள்ளாடை என்று நினைத்து, உன் வீட்டுக்காரருக்கு உடம்புக்கு ஏதாவதா என்று ஆர்லீனிடம் கேட்டாளாம். இத்தனைக்கும் ஆர்லீன் என்னைத் திட்டவே இல்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கட்டை ஆளுக்குப் பொருந்த வேண்டும். கண்ணை மூடித் தோளில் வைத்துக் கண்ணைத் திறந்தால், கண் தானாகக் குழல்மேல் இருக்கும் குறித்துளைக்கு நேரே வந்து நிற்க வேண்டும். தேடினால் கட்டை தோல்வி. எனக்கோ தோளில் வைக்கத் தடை. ஆர்லீனும் நானும் ஒரே உயரம். ஆகவே தினமும் இரவுச் சாப்பாடு ஆனதும், குண்டில்லாத துப்பாக்கியை அவள் தோளில் வைத்து அடுப்பங்கரை நடுவில் நிற்கச் சொல்லி, பத்தடி தள்ளி நின்று பார்ப்பேன். இங்கே கொஞ்சம் இறக்கு, அங்கே கொஞ்சம் குறை என்று அரத்தை எடுப்பேன். பாத்திரம் கழுவுகிற கையோடு வந்து நின்று, "இப்பச் சரியா?" என்பாள். நானும் மடையன், "இன்னும் உனக்குக் கன்னம் உட்காரல, நாளைக்கு நில்லு" என்பேன்.

உயரம் ஒன்றுதான், அக்கா. ஆனால் அவளுக்கு நாரைக் கழுத்து, குட்டைக் கை. எனக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பதாக எந்தத் தையல்காரனும் ஒப்புக்கொண்டதில்லை, கையோ முட்டியைத் தொடும். இது எனக்குச் சுட்டுப் பார்க்கும்வரை உறைக்கவில்லை என்பதைத் தயவுசெய்து அத்தானிடம் சொல்லாதே.

போன சனிக்கிழமை கிளப் மைதானத்தில் எல்லாரும் வேட்டைக்கு முன் குறி சரிபார்க்கக் கூடியிருந்தோம். டாக்டரும் அனுமதித்துவிட்டார். கட்டையைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. நான் தோளில் வைத்தேன். குறித்துளை எங்கேயோ வானத்தில் இருந்தது. தண்ணீர் குடிக்கும் கோழி மாதிரி கழுத்தை நீட்டிச் சுட்டேன். குண்டு எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது, உதைத்த உதையில் என் கட்டைவிரல் என் மூக்கிலேயே இடித்தது. வேட்டைக் குடிலுக்குத் தலைவன் மெர்ல் வாங்கிச் சுட்டுப் பார்த்தான், அவனுக்கும் ஒத்துவரவில்லை. காபிக் குடுவையோடு வந்த ஆர்லீனைப் பார்த்து, நீ ஒருதரம் வையேன் என்றான். அவள் குடுவையைக் கீழே வைத்தாள், தோளில் வைத்தாள், சுட்டாள். மூன்று குண்டும் ஒரே இடத்தில், ஒரு டாலர் நாணயத்தால் மூடிவிடலாம். மெர்ல் என் பக்கம் திரும்பினான்.

"டெல்பர்ட், இது உன் துப்பாக்கி இல்லப்பா. உன் சம்சாரத்தோடது. நீ ஆசாரி, அவ்வளவுதான்."

அதோடு விட்டானா? நவம்பர் கடைசியில் நன்றி நாள் கழிந்த திங்கட்கிழமை தொடங்குகிற மான் வேட்டைக்குக் குடிலுக்கு வருகிறாயா என்று அவளை அழைத்துவிட்டான். அந்தக் குடிலில் பெண் காலடி பட்டதில்லை, அக்கா. ஒரு தடவை நீ போர்வை கொண்டுபோய்க் கொடுத்தபோது பனியில் வாசலிலேயே நிறுத்திப் போர்வையை மட்டும் வாங்கிக்கொண்டவன் இந்த மெர்ல். இப்போது என் கட்டிலை அவளுக்குக் கொடுக்கிறானாம். எனக்கு அடுப்புக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டிலாம், ஏனென்றால் துப்பாக்கி இல்லாதவன் சமையல்காரனாம். வீட்டுக்கு வந்து கேட்டால் இவள் சிரிக்கிறாள்.

"நீங்கதானே தினமும் நிக்க வெச்சீங்க? நானா அளவெடுக்கச் சொன்னேன்?"

இப்போது துப்பாக்கி அவள் தையல் அறையில் பூட்டுக்குள் இருக்கிறது. எனக்கு ஒரு மத்தியானம் கிடைத்தால் போதும். கட்டையின் பின்முனையில் ஒரு சாண் அறுத்துத் தள்ளிவிட்டு, நீளமான வேறு மரத்தை உயரம் மாற்றி ஒட்டினால் எனக்குப் பொருந்தும். அழகு போகும், போகட்டும். ரம்பத்தைத் தீட்டி வைத்திருக்கிறேன். நீ சொன்னால் ஆர்லீன் கேட்பாள். இதைப் படித்த கையோடு தொலைபேசியை எடு. துப்பாக்கியைத் தம்பியிடம் கொடு என்று மூத்தவளாய் உத்தரவு போடு. மறுத்தாளென்றால் மாடியறையில் எனக்குப் படுக்கை விரி, உளிகளோடு ஒஹாயோவுக்கே வந்துவிடுகிறேன்.

கர்த்தர் உன்னையும் அத்தானையும் நீண்ட ஆயுளோடு வைக்கட்டும். மெர்லை எப்படி வேண்டுமானாலும் வைக்கட்டும்.

இப்படிக்கு,
அநியாயம் இழைக்கப்பட்ட உன் தம்பி,
டெல்பர்ட்

பின்குறிப்பு: தொலைபேசியைத் தொடாதே. உறையை ஒட்டப் போகும்போது ஆர்லீன் துப்பாக்கியோடு பட்டறைக்கு வந்தாள். மேசைமேல் வைத்து, "அறுத்துக்கோங்க. உங்க உழைப்பு. எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் அறுத்திருப்பேன். கட்டையை இடுக்கியில் மாட்டி, ரம்பத்தையும் வைத்தேன். அவள் கன்னம் படுகிற இடத்தில் என் உள்ளங்கை தானாகப் போய் உட்கார்ந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் அவளுக்குச் செய்த எதுவும் இவ்வளவு சரியாக அமைந்ததில்லை, அக்கா. ரம்பத்தை ஆணியில் மாட்டிவிட்டேன். தோள் இன்னும் வலிக்கிறது, இந்த வருஷம் எனக்கு வேட்டை முடியாது என்று அவளிடம் பொய் சொல்லியிருக்கிறேன், காட்டிக்கொடுத்துவிடாதே. குடில் சமையலுக்கு, நீ செய்கிற பீன்ஸ் சூப்பில் பன்றிக்கால் எலும்பை எப்போது போடுவது என்று மட்டும் அந்த வேட்டைத் திங்களுக்குள் எனக்குக் கிடைக்கும்படி எழுது. ஆர்லீனுக்கு மிளகு தூக்கலாக வேண்டும். மற்றவர்கள் போட்டதைத் தின்னட்டும்.