குற்றம் தோட்டா மேல்

இந்த வருடம் மான் தப்பக் கூடாது. மான் தப்பினால் வெண்டல் தப்ப முடியாது.

விஸ்கான்சின் வடகாட்டில் மான் வேட்டை தொடங்க இன்னும் எட்டே நாள். மனிதருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. அவர் பயந்தது மானுக்கு அல்ல, மச்சானுக்கு. மனைவி ஆர்டிஸின் அண்ணன் ஓர்வில் காட்டுக்குள் ஒரு மரக் குடிசை வைத்திருந்தார். குறிவைத்துச் சுட்டு மானைத் தவறவிட்டவன் சட்டையின் பின்புறம் தொங்கும் வாலைக் கத்தரித்து, பெயரும் வருடமும் எழுதி, சுவரில் ஆணி அடித்து மாட்டுவது அங்கே வழக்கம். மூன்று வருடமாக அந்தச் சுவரில் ஏறுவதெல்லாம் வெண்டலின் சட்டைதான். விருந்தாளிகள் அதைக் கண்காட்சி மாதிரி நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

போன வருடமே ஓர்வில் சொல்லிவிட்டார். "மாப்ளே, நாலாவது துண்டு ஏறிச்சுன்னா ஓடைக்கரை மரத்து மேல இருக்கிற உன் இடம் வேற ஆளுக்கு. வேட்டை ஒன்பது நாளும் உனக்கு அடுப்படிதான்."

அந்த மரத்தில் இருபத்திரண்டு வருடமாக மானுக்குக் காத்து உட்கார்ந்தவர் வெண்டல். அந்த இடம் போனால் ஊருக்குள் எப்படித் தலைகாட்டுவது? உட்கார்ந்து யோசித்தார். தவறு தன்மேல் இருக்க வாய்ப்பில்லை. துப்பாக்கி அப்பா கொடுத்தது, அவரைக் குறை சொல்ல முடியாது. மிச்சம் இருப்பது தோட்டா ஒன்றுதான். கண்டுபிடித்துவிட்டார்! உடனே கடைக்குப் போய் நாலு புதுப் பெட்டி வாங்கி வந்து, போன வருடத்துப் பழைய பெட்டியோடு சாப்பாட்டு மேசையில் அடுக்கினார்.

"ஏங்க, இது சாப்பாட்டு மேசையா, ராணுவக் கிடங்கா?" பூசணிப் பை பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டே ஆர்டிஸ் கேட்டாள்.

"சும்மா இரு, ஆர்டிஸ். பெரிய யோசனையில இருக்கேன். இது நூத்தைம்பது கிரெயின் எடை. குண்டு லேசு, விர்ருன்னு போகும். இது நூத்தெண்பது. கனம். கொஞ்சம் மெதுவாப் போனாலும் சுள்ளியில பட்டா திரும்பாது. இது செம்பு. இது முனை மிருதுவானது."

"மான் எவ்வளவு தூரத்துல நிக்கும்?"

"எழுபது கஜம்."

"எழுபது கஜத்துக்கு எதைப் போட்டா என்ன? பட்டா விழும், படலைன்னா ஓடும்."

"உனக்கு என்ன தெரியும்? போன வருஷத் தோட்டா பூரா துரோகி. நேரா வச்சா கோணலாப் போகுது."

"நானும் ஒரு தடவை கூட வரேன்னு வருஷா வருஷம் கேக்கிறேன். கூட்டிட்டுப் போனா பக்கத்துல இருந்து பாத்துச் சொல்லுவேன்ல?"

"அது ஆம்பளைங்க குறட்டை விடுற இடம்மா. உனக்குத் தூக்கம் வராது."

"இங்க மட்டும் யாரு விடுறாங்களாம்?"

வெண்டலுக்குக் காது கேட்கவில்லை. அவர் மனதில் ஒரு திட்டம் முளைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓர்வில்லைச் சுடும் பயிற்சி மைதானத்துக்கு வரச் சொல்வது. அவர் கண்முன்னாலேயே ஐந்து பெட்டியையும் சுட்டுக்காட்டி, பழைய பெட்டிதான் குற்றவாளி என்று நிரூபிப்பது. மூன்று சட்டை வாலையும் சுவரிலிருந்து இறக்க வைப்பது.

ஆர்டிஸ் மாவுக் கையைத் துடைத்தாள். "நல்ல யோசனைங்க. ஆனா எந்தப் பெட்டின்னு தெரிஞ்சுட்டா மனசு ஒருபக்கமாச் சாயும். அண்ணன் வேற அதையே சொல்லிக் காட்டுவாரு. ஒவ்வொண்ணா நான் துப்பாக்கியில போட்டுத் தரேன், நீங்க பாக்காமச் சுடுங்க."

கட்டினால் இப்படிப்பட்டவளைக் கட்ட வேண்டும் என்று வெண்டல் பூரித்துப்போனார். பாவம்.

ஞாயிறு, தேவாலயம் முடிந்ததும் மூவரும் மைதானத்தில். குளிரில் மூக்கு கழன்று விழும்போல இருந்தது. முதல் குண்டு குறி அட்டையின் ஓரத்தில் பட்டது. இரண்டாவது அட்டையிலேயே இல்லை.

"பாத்தீங்களா மச்சான்! தோட்டாவுக்குத் தோட்டா எவ்வளவு வித்தியாசம்!"

"ரெண்டும் ஒரே பெட்டிதாங்க," என்றாள் ஆர்டிஸ். "இந்தாங்க, அடுத்தது."

வெண்டல் மூச்சைப் பிடித்தார். விசையை இழுத்தார்.

டிக்.

வெடிச் சத்தமே இல்லை. ஆனால் வெண்டல் கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து, தோளைத் தூக்கிப் போட்டு, துப்பாக்கி முனையைத் தரையைப் பார்க்க இறக்கியிருந்தார்.

"மாப்ளே," என்றார் ஓர்வில், "துப்பாக்கி சும்மாதானே இருந்துச்சு. நீ ஏன் குதிச்சே?"

"தோட்டா... தோட்டா பழுது மச்சான்!"

"பழுதில்லைங்க. அது மருந்தில்லாத போலித் தோட்டா," என்றாள் ஆர்டிஸ். "சுடுறவன் சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடுறானான்னு பாக்க எங்கப்பா வச்சிருந்தது. என்னையும் அண்ணனையும் இதை வச்சுத்தான் பழக்கினாரு."

வெண்டலுக்கு முகம் சிவந்துவிட்டது. கோபத்தில் வாய் முந்திக்கொண்டது. "அப்ப நீ சுடு பாப்போம்! அந்தத் துரோகிப் பெட்டியிலேயே சுடு!"

சுட்டாள். மூன்று முறை. ஓர்வில் போய் அட்டையை எடுத்துவந்து, மூன்று ஓட்டையையும் இரண்டு விரலால் மூடிக்காட்டினார்.

"ஓடைக்கரை மரம் தங்கச்சிக்கு," என்றார்.

"மச்சான்! நாலாவது துண்டு இன்னும் ஏறலையே!"

"நல்ல சட்டையை எதுக்கு மாப்ளே வீணாக்கணும்?"

வெண்டல் கடைசித் துரும்பைப் பிடித்தார். "அவகிட்ட வேட்டை உரிமம் இல்லையே!"

ஆர்டிஸ் கைப்பையைத் திறந்து ஒரு காகிதத்தை அண்ணனிடம் நீட்டினாள். வேட்டை உரிமம், இரண்டு மாதம் முன்பு செப்டம்பரிலேயே எடுத்தது.

வீடு திரும்பும் வண்டியில் வெண்டலும் ஆர்டிஸும் மட்டும். வெண்டலுக்கு அழுகை முட்டியது. இருபத்திரண்டு வருட மரம்!

"ஏண்டி, நான் கண்ணை மூடுறது உனக்குத் தெரியும்ல? வீட்டுலயே சொல்லியிருக்கலாம்ல? உங்க அண்ணன் முன்னாடி மானத்தை வாங்கணுமா?"

"வீட்டுல சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? துப்பாக்கி சரியில்லைன்னு புதுசு வாங்கியிருப்பீங்க."

புதுத் துப்பாக்கி ஒன்றை எடுத்துவைக்கச் சொல்லி வெண்டல் கடைக்காரரிடம் நேற்றே பேசி முடித்திருந்தார்.