கிழமைக்கு ஒருநாள் பேசிய சூரியன்

படித்தவன் பிழைவிட்டால் அதற்கு ஒரு கோட்பாடும் எழுதி வைப்பான். நான் பதினொரு பக்கம் எழுதினேன்.

எழுபதுகளில் நான் திருகோணமலைத் துறைமுகத்தில் எழுதுவினைஞன், மனதளவில் வானியலாளன். என் பழைய பேராசிரியர் ஒரு பெட்டியைத் தந்து, "ஒரு மாதம் ஒழுங்காச் சூரியனைப் பதிஞ்சு கொண்டுவாரும் தம்பி, ஆராய்ச்சி உதவியாளர் வேலை உமக்குத்தான்" என்றிருந்தார். துறைமுகக் கந்தோர் வேலையிலிருந்து தப்ப எனக்கிருந்த ஒரே வழி அது.

சூரியனிலிருந்து வானொலி அலையும் வருகிறது. இரண்டு ஏரியல்கள் பிடிப்பதை அந்தப் பெட்டி எட்டு அலைவரிசைகளாகப் பிரித்து ஒப்பிடும். இரண்டிலும் ஒரே இரைச்சல் இருந்தால்தான் பேனை கடதாசியில் அலையலையாக வரையும். பாலையூற்றில் நான் அறை எடுத்திருந்த வீட்டு வளவில் ஏரியல் கம்பிகளைக் கட்டினேன், ஒன்று முன்வாசலில், மற்றது கிணற்றடியில். காலையில் பெட்டியை முடுக்கிவிட்டு வேலைக்குப் போவேன். பின்னேரம் வந்து கடதாசியைப் பார்ப்பேன்.

திங்கள் நேர்கோடு. செவ்வாயும் நேர்கோடு. சனி வரை அதேதான். ஞாயிறு மட்டும் அழகான அலை. வயர்களை ஒரே நீளத்துக்கு வெட்டினேன், எட்டு அலைவரிசைகளையும் திருப்பித் திருப்பிச் சரிசெய்தேன். (பெட்டியைத் திறந்து பூட்டியதில் திருகாணித் தலையெல்லாம் தேய்ந்துபோயிற்று.) மூன்றாம் கிழமை எனக்கு ஞானம் பிறந்தது: சூரியனுக்கு ஏழுநாள் சுழற்சி இருக்கிறது!

நான் அனுப்பிய பதினொரு பக்கத்தையும் படித்த பேராசிரியர் ஒரு புதன்கிழமை நேரே வந்து நின்றார். நான் லீவு போட்டு, பெருமையோடு வளவைச் சுற்றிக் காட்டினேன். கிணற்றடியில் வீட்டுக்காரரின் மகள் ரோசலி, இரண்டாவது ஏரியலில் தோய்த்த ஈரச் சாரங்களையும் சட்டைகளையும் விரித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, நெடுகலும் இதிலையோ காயப்போடுறனீங்கள்?" என்று கேட்டார் பேராசிரியர்.

"ஓம் சேர். நல்ல வெயில் விழும், பின்னேரத்துக்கு முதல் காய்ஞ்சிடும், எடுத்திடுவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோய்க்கிறேல்லை, பூசைக்குப் போயிடுவம்."

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. "தம்பி, பெட்டியைக் கட்டும்" என்றார். வேலை வேறொருவருக்குப் போனது.

அன்று அறைக்குள் இருந்து உண்மையாகவே அழுதேன். ரோசலி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"உடுப்புக் கொடியெண்டுதான் நினைச்சன். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாம்தான். எட்டு அலைவரிசைகளோடு மல்லுக்கட்டிய எனக்கு, வீட்டில் இருந்தவர்களோடு ஒரு வார்த்தை பேசத் தோன்றவில்லை.

பிறகு பேசத் தொடங்கி, அவளையே கட்டினேன். துறைமுகத்திலேயே ஓய்வும் பெற்றேன். இன்றும் ஞாயிறு காலை பூசைக்கு வெளிக்கிடும்போது பிள்ளைகள் முன்னால் கிணற்றடியைக் காட்டிச் சொல்லுவாள்:

"இண்டைக்குக் கம்பி வெறுமையாத்தான் கிடக்கு. போய் உங்கட சூரியனோட கதையுங்கோ."