பல்வலியோடு ஒரு பாராட்டு விழா

“படத்துல இருக்கறவங்க ஒருத்தரையும் உனக்குத் தெரியாதே சாமி, என்னத்த எழுதப் போறே?” என்று அம்மா கேட்டார்.

“பின்னால எழுதியிருக்கும்மா. படிக்கத் தெரிஞ்சாப் போதும்” என்றேன். தறி ஓட்டி என்னை எம்.ஏ. வரை படிக்க வைத்த, எழுத்தே தெரியாத அம்மாவிடம் சொன்ன பதில் இது. (இதை எழுதும்போதும் காது சுடுகிறது.)

பள்ளிபாளையம் பக்கத்திலுள்ள எங்கள் ஊரின் வரலாற்றைப் பழைய போட்டோக்களால் சொல்லும் கண்காட்சி அது. நான்தான் வீடு வீடாகப் போய்ப் படங்களை இரவல் வாங்கியிருந்தேன். என்னை நம்பித்தான் கொடுத்தார்கள்.

அருக்காணி அம்மா வீட்டு ஆல்பத்தில் ஒரு படம். நாற்காலியில் ஒரு பெரியவர். கழுத்தில் மாலை, கண்கள் மூடியிருந்தன, தாடையைச் சுற்றி உச்சியில் முடிந்த வெள்ளைத் துணி. சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. படத்தின் பின்னால், ‘அய்யனை எடுத்த அன்று.’ (அய்யன் என்றால் எங்கள் பக்கம் அப்பா.) போட்டோ எடுத்த அன்று என்று முடிவு கட்டினேன். பெரிதாக்கி, வாசலிலேயே மாட்டி, கீழே எழுதினேன்: ‘கடும் பல்வலியிலும் பாராட்டு விழாவுக்கு வந்து மாலை ஏற்கும் ஊர்ப் பெரியவர்.’

திறப்பு நாளில் அருக்காணி அம்மா அதன் முன் நின்றார்.

“என்ன எழுதியிருக்குது கண்ணு?”

உரக்கப் படித்துக் காட்டினேன்.

“பல்வலியா?”

“ஆமாங்க. கட்டுப் போட்டிருக்காருங்களே.”

“அது வாய் தொறக்காம இருக்கக் கட்டுனது. எங்கய்யன் செத்து, எடுக்கறதுக்கு முந்தி புடிச்ச போட்டோ.”

எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் “எடுத்துட்டாங்களா?” என்றுதான் கேட்பார்கள். நானே கேட்டிருக்கிறேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். கூட வந்திருந்த என் அம்மா காதருகே, “கண்ணால பாத்திருந்தாவே தெரிஞ்சிருக்குமேடி” என்றார்.

அருக்காணி அம்மா படத்தைக் கழற்றி முந்தானையில் மூடிக்கொண்டார். “அவரு உசுரோட இருக்கயில ஒரு போட்டோவும் புடிக்கல. இது ஒண்ணுதான் இருக்குது.”

அவர் போன பின் மற்றவர்களும் தங்கள் படங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் சுவரில் ஆணிகள்தான் மிச்சம்.

இன்றும் வீட்டில் யாருக்காவது பல் வலித்தால், தம்பி, “மாலை வாங்கியாரட்டுங்களா?” என்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு அருக்காணி அம்மா வீட்டுக்குப் போனேன். மன்னிப்பை ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். வாசலில் அந்தத் தாளை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

“உங்கய்யன் எப்படிங்க இருப்பாரு?” என்று மட்டும் கேட்டேன்.

என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உள்ள வந்து உக்காருங்க” என்றார்.