சிசிலி அக்காவின் விடுதலை

பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஜெர்மனியில் நடந்த மாபெரும் விடுதலை, சிசிலி அக்காவை நான் ‘கிராங்கன்காஸ’ என்னும் அரசாங்க மருத்துவக் காப்புறுதியிலிருந்து மீட்டெடுத்ததுதான். பத்திரிகைகள் எழுதவில்லை. அவர்களுக்குப் பொறாமை.

நான் தாரகன். தனியார் காப்புறுதி நிறுவனம் ஒன்றின் டுசல்டோர்ஃப் நகர ‘முதியோர் சுதந்திர ஆலோசகர்’. தரகர் என்று சொல்பவர்கள் நாகரிகம் அறியாதவர்கள்.

அக்கா ஆஸ்பத்திரிச் சலவையறையில் உழைத்து, காலமெல்லாம் கிராங்கன்காஸவுக்குக் கட்டி, அப்போதுதான் ஓய்வூதியம் எடுத்திருந்தார். அந்த நேரத்தில் விரும்பினால் விலகலாம். விலகினால் திரும்ப முடியாது. உறுதியான முடிவெடுப்பவர்களுக்கு அரசாங்கம் செய்யும் மரியாதை அது.

ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலய மண்டபத்தில் எங்கள் மாநாடு. ஆட்டிறைச்சி ரோல்ஸும் உண்டு. அக்காவின் மகள் லவினியாவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் பக்கத்துக் கதிரையில் இருந்தார். நான் மைக்கை நீட்டினேன்.

“அக்கா, சீனி வருத்தம், பிரஷர் ஏதும் இருக்கோ?”

அக்கா பக்கத்துக் கதிரையை ஒருமுறை பார்த்தார். “எங்கட பரம்பரையிலேயே ஒரு வருத்தமும் இல்லைத் தம்பி.”

மண்டபமே கைதட்டியது. அந்தச் சூட்டோடு விலகல் படிவத்திலும் எங்கள் ஒப்பந்தத்திலும் கையெழுத்தையும் வாங்கிவிட்டேன்.

அடுத்த மாரிக் குளிரில் அக்காவின் காலில் ஆறாத புண். வாக்களித்தபடி தனியறை, தலைமை வைத்தியரே வந்து கைகுலுக்கினார். பிறகு எங்கள் நிறுவனம் அக்காவுடைய பழைய வைத்தியப் பதிவுகளை மிகுந்த அக்கறையோடு வாசித்து, ‘நெடுநாள் சீனி வருத்தத்தை மறைத்தீர்’ என்று ஒப்பந்தத்தை இரத்துச் செய்தது. கிராங்கன்காஸவோ திரும்பச் சேர்க்கவில்லை. எவ்வளவு கல்நெஞ்சம் பாருங்கள்.

லவினியா என் அலுவலகத்துக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“அண்ணை, அம்மான்ர காலை எடுக்கவேண்டி வருமோ எண்டு பயந்துபோய் இருக்கிறம். இனி வைத்தியத்துக்கு எங்க போறது? சம்பந்தம் பேசுற ஆக்களுக்கு முன்னால எந்தத் தாய் தனக்குச் சீனி எண்டு சொல்லுவா?”

“ஒருத்தியும் சொல்லமாட்டா பிள்ளை. அதுதான் எங்கட ஆக்களின்ர பண்பாடு.” சொல்லும்போதே எனக்குப் பெருமையாக இருந்தது.

“வீட்டை வந்து தனியக் கேட்டிருந்தா அம்மா உண்மையைச் சொல்லியிருப்பா.”

“ஓம்,” என்றேன். “அதாலதான் நான் ஒருத்தற்ர வீட்டையும் போறேல்லை.”