அட்டை மேஸ்திரியும் சிவப்புச் சொட்டும்

வேலூரில் வெயில் அதிகமா, அட்டை மேஸ்திரியின் கோபம் அதிகமா என்று யாராவது என்னைக் கேட்டால், வெயிலாவது சாயங்காலம் கொஞ்சம் இறங்கும் என்றுதான் சொல்வேன். மேஸ்திரி காலையில் ஷெட்டின் ஷட்டரைத் தூக்கும்போதே அதைத் திட்டிக்கொண்டுதான் தூக்குவார். டீ சூடாக இருந்தால் டீக்கடைக்காரருக்குத் திட்டு. ஆறிப்போயிருந்தால் டீக்கே திட்டு. வருவதுபோல வந்து வராமல் போன ஒரு தும்மலை அவர் கால் மணி நேரம் வைததை நானே கேட்டிருக்கிறேன்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. பழைய ஆட்டோமேட்டிக் கார்களை மட்டும் பார்க்கிற மெக்கானிக். எந்த வண்டி வந்தாலும் முதலில் அதன் அடியில் ஒரு பெரிய வெள்ளை அட்டையை விரிப்பார். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் கழித்துப் போடும் பெட்டிகளைப் பிரித்தெடுத்த அட்டை. முன்சக்கரம் இங்கே, பின்சக்கரம் அங்கே என்று மார்க்கரில் குறித்துவிட்டு, மறுநாள் காலை எந்த இடத்தில் என்ன நிறத்தில் எத்தனை சொட்டு விழுந்திருக்கிறது என்று பார்ப்பார். பார்த்து முடித்த அட்டைகளை ஆஸ்பத்திரி எக்ஸ்ரே கவர்களில் போட்டு அடுக்கி வைத்திருந்தார். எக்ஸ்ரே கவருக்கு வேலூரில் என்ன பஞ்சம்? அட்டையால்தான் அந்தப் பெயர் வந்தது என்று சிலர் சொல்வார்கள். ஒரு கோளாறைப் பிடித்தால் ரத்தம் குடிக்காமல் விடாத அட்டைப்பூச்சி என்பதால் வந்தது என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டுமே சரி.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் வந்த போலியோவில் எனக்கு இடது கால் சூம்பிவிட்டது. காலுக்குக் கேலிப்பர் என்கிற இரும்புச் சட்டம் மாட்டித்தான் நடக்கிறேன். கிளட்ச் மிதிக்க முடியாது. ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்சே கிடையாது, வலது கால் போதும். அதனால்தான் இருபது வயதான ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரைத் தேடி வாங்கினேன். வேலூரிலிருந்து ஆம்பூருக்கு தினம் அதில்தான் போய்வருவேன். ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் எனக்கு. கம்பெனி பஸ் எங்கள் தெருமுனைக்கே வரும். ஆனால் அதன் முதல் படி என் இடுப்புக்கு வரும். ஆக, அந்தக் கார் எனக்கு சொகுசு இல்லை. அதுதான் என் இடது கால்.

போன வருஷம் ஒருநாள் அந்தக் காலில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. கம்பெனி பார்க்கிங்கில் வண்டிக்கடியில் கையகலத்துக்கு ஒரு சிவப்புத் திட்டு. கியர்பாக்ஸ் ஆயில்.

முதல் மெக்கானிக் குனியக்கூட இல்லை. "பழைய வண்டின்னா இப்டித்தாங்க. கம்மியாக கம்மியாக ஊத்திக்கினே இருங்க" என்று ஒரு டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டார். இரண்டாவது ஆள் என்னைத் தாண்டி என் பின்னால் பார்த்தார். பின்னால் யாருமில்லை. "வீட்ல ஆம்பளைங்க யாரும் வர்லயாம்மா?" என்று கேட்டு, என் கணவரின் நம்பரை வாங்கி அவரிடம் விளக்கினார். என் கணவர் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். காரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு நான்கு சக்கரம் உண்டு என்பதுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "ஏதோ ஒழுகுகிறதாம்" என்றார்.

மூன்றாவது, கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஒர்க்‌ஷாப். உள்ளே ஏசி, காபி மெஷின், டை கட்டிய மேனேஜர். கியர்பாக்ஸின் அடித்தட்டான ஆயில் பானைக் கழற்றி, அதன் விளிம்பில் கசியாமலிருக்க வைக்கும் கேஸ்கெட்டை மாற்றினார்கள். இரண்டு வாரத்தில் மறுபடியும் சிவப்பு. திரும்பக் கொண்டுபோனேன். "ஒரு சின்ன லீக் இருந்துச்சு, அடைச்சாச்சு. நூறு பர்சென்ட் ஓகே மேடம்" என்றார்கள். அந்த நூறு பர்சென்ட்டுக்கு அப்புறம்தான் முன்பைவிட ஜாஸ்தியாக ஒழுகியது. ஒருநாள் ஹைவேயில் மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் லாரி ஹாரன். எப்படி ஓரம் கட்டினேன் என்று இன்றுவரை தெரியாது. கம்பெனிக்கு மூன்றாவது முறையாக லேட். "இனிமே லேட்டானா லைன்ல வேற ஆளைப் போட வேண்டி வரும், சிஸ்டர்" என்றார் சூப்பர்வைசர்.

அன்றைக்குத்தான் யாரோ மேஸ்திரியின் ஷெட்டுக்கு வழி சொன்னார்கள். போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"எத்தினி டப்பா ஊத்துன?"

"அஞ்சோ ஆறோ இருக்கும்."

"ஷூ கம்பெனின்ற. தையல் உட்ட ஷூ வந்தா மேல பாலிஷ் போட்டு அனுப்பிச்சுடுவியா?"

"ரிஜெக்ட் பண்ணிடுவேன்."

"பின்ன ஓட்டைய பாக்காம இதுக்கு மட்டும் ஏன் ஊத்திக்கினே இருந்த? படிச்ச பொண்ணுதானே நீ? அறிவு வேணாம்?"

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. "ஊத்தச் சொன்னது உங்கள மாதிரி ஒரு மெக்கானிக்தான் மேஸ்திரி!"

"என்ன மாதிரியா? என்ன மாதிரியா!" என்று அவர் குதித்த குதியில் எதிர்க்கடையில் வெயிலுக்குப் படுத்திருந்த நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போய்விட்டது.

வண்டி மூன்று நாள் அங்கே நின்றது. அட்டையைப் பார்த்தார். பிறகு அடிப்பாகம் முழுவதையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்தார். பாதி நேரம் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒர்க்‌ஷாப்காரர்கள் கேஸ்கெட் ஓரம் முழுக்க பேஸ்ட் அப்பியிருந்தார்களாம். "கல்யாண கேக்குக்கு க்ரீம் தடவுறானுங்க!" போல்ட்டுகளை வெறிபிடித்தமாதிரி முறுக்கியதில் பானின் விளிம்பும் வளைந்திருந்தது. அதை மரக்கட்டை மேல் வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வசவாகத் தட்டி நிமிர்த்தினார். புது கேஸ்கெட், சரியான ஆயில். அளவைக்கூட இன்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்கவேண்டும் என்று எனக்கும் திட்டிக்கொண்டே சொல்லிக் கொடுத்தார்.

அப்புறம் அட்டை இரண்டு நாள் வெள்ளையாகவே இருந்தது. எனக்குச் சந்தோஷம். அவருக்கு அதுவும் கோபம். "நிக்கும்போது ஒழுகாது. ஓடிச் சூடானாத்தான் இதோட யோக்யத தெரியும். நாளைக்கு காலைல ஆம்பூருக்கு உடு. நானும் வர்றேன்." கிளம்பும் முன் வண்டிக்கடியில் முகப்பவுடர் டப்பா ஒன்றை முழுசாகத் தூவினார். எண்ணெய் எங்கே கசிந்தாலும் பவுடரில் கோடு விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

லீவு போட்டுவிட்டு அவரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அந்தப் பயணத்தில் அவர் திட்டாத உயிரினம் இல்லை. லாரியை, பைக்கை, ரோட்டு நடுவில் வைத்த அரளிச்செடியை. மாதனூர் வந்ததும் "ஓரங்கட்டு!" என்றார். நிறுத்தி, பார்க்கில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்தேன். சக்கரத்துக்கு இரண்டு கல் வைத்துவிட்டு அவர் அடியில் புகுந்தார். முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் வெளியே தெரிந்தது.

காலை ஷிஃப்ட் நேரம். கம்பெனி பஸ்ஸுக்காக இருபது முப்பது பெண்கள் டிபன் பையோடு நின்றிருந்தார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு கார், கீழே இரண்டு கால்கள், பக்கத்தில் சும்மா நிற்கும் நான்.

"ஐயயோ, மனுசன் மேல ஏத்திட்டாடீ!"

"ஏத்திட்டு எவ்ளோ கூலா நிக்குது பாரு! ஏம்மா, கண்ணு இன்னா முதுகுலயா இருக்கு?"

"அவர் மெக்கானிக்குங்க, செக் பண்றாரு..." என்று நான் சொல்வது யார் காதிலும் ஏறவில்லை. ஒரு பெண் ஆம்புலன்ஸுக்கு போனை எடுத்துவிட்டாள். இரண்டு பேர் ஆளுக்கொரு காலைப் பிடித்து மேஸ்திரியை இழுக்க ஆரம்பித்தார்கள்.

அடியிலிருந்து ஒரு கர்ஜனை வந்தது. "எவ அவ என் கால புடிச்சு இழுக்கறது? நான் சாவல! சாவ மாட்டேன்! உடுங்கடி!"

பிடித்தவர்கள் காலைப் போட்டுவிட்டு ஓடினார்கள். முகமெல்லாம் பவுடரோடு மேஸ்திரி வெளியே வந்ததும், பயந்த கூட்டம் மொத்தமும் சிரித்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"மூணு இடத்துல கசியுதும்மா. மூணும் ஆயில புடிச்சு வக்கிற ரப்பர் சீலு, நல்ல சீலு. மூணு நல்ல சீலு ஒரே நேரத்துல எப்டி ஒழுவும்? உள்ளேர்ந்து ஏதோ தள்ளுது. பானெட்ட தொற."

துணியைச் சுற்றிய கையை கியர்பாக்ஸின் மேல்பக்கம் விட்டுத் துழாவினார். கை ஒரு இடத்தில் நின்றது. அவர் வாயும் நின்றது. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் எதையோ குத்திப் பெயர்த்தார். "புஸ்ஸ்ஸ்" என்று நீளமாக ஒரு காற்று வெளியேறியது. அவர் உள்ளங்கையில் சுண்டைக்காய் அளவு, கல்லாக இறுகிய பசைக்கட்டி.

"கியர்பாக்ஸ் சூடானா காத்து வெளிய போறதுக்கு மேல ஒரு சின்ன ஓட்டை இருக்குது. அதுக்கு மூக்கு. அங்க லேசா ஈரத்த பாத்துட்டு, லீக்குன்னு நெனச்சு அடச்சு வச்சிருக்கான் ஒரு மகாப்பாவி. மூக்க அடச்சா அது எந்த வழியாம்மா மூச்சு உடும்? சீல பிச்சிக்கினுதான் வரும்!"

'ஒரு சின்ன லீக் இருந்துச்சு, அடைச்சாச்சு.' எனக்கு அந்தக் குரல் ஞாபகம் வந்தது. சொன்னேன்.

"வண்டிய திருப்பு" என்றார்.

ஏசி ஹாலுக்குள் எண்ணெய்க் கையும் பவுடர் முகமுமாக மேஸ்திரி நுழைந்ததும், காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கப்பைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர் நேராக மேனேஜரிடம் போனார். பசைக்கட்டியை மேஜைமேல் டொக்கென்று வைத்தார். மேனேஜர் "எஸ் சார், ஹவ் கேன்..." என்று ஆரம்பிப்பதற்குள் மேஸ்திரி அந்த ஆளின் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, இன்னொரு கையால் வாயையும் பொத்திவிட்டார்.

"ம், மூச்சு உடு! உடுறா பாப்போம்! முடியலல்ல? அந்த வண்டி ரெண்டு மாசமா இப்டிதாண்டா ஆம்பூர் போய்ட்டு வந்துது!"

நான்கு பேர் சேர்ந்து பிரித்தார்கள். மூக்கு நுனியில் கறுப்பு விரல் ரேகையோடு மேனேஜர் டையைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க டென்ஷன் ஆவாதீங்க. டெக்னிக்கல் விஷயம், உங்களுக்குப் புரியாது. சார் நம்பர் குடுங்க, நாங்க சார்கிட்ட பேசிக்கறோம்."

எனக்குள் எதுவோ அறுந்தது அப்போதுதான். நான் பேசியது எல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை. பக்கத்திலிருந்தவர்கள் பிற்பாடு சொன்னதுதான். "ஓட்டறது நான்! பாலத்துமேல லாரிக்கு முன்னாடி நின்னது நான்! வேலை போனா போறது என் வேலை! சார்கிட்ட இன்னா பேசுவ, யாப்பிலக்கணமா? பாத்த வேலைய சரிபாக்கத் தெரியாத நீ நூறு பர்சென்ட்டுன்னு சொல்லலாமா? என் லைன்ல ஒரு ஹெல்பர் இப்டிச் செஞ்சா அன்னிக்கே வெளிய அனுப்புவேன்!" கேலிப்பர் காலை ஊன்றி மேஜையில் நான் அறைந்த அறையில் காபி மெஷின் தானாகவே ஒரு கப் ஊற்றியதாகச் சொல்கிறார்கள். அதை நான் நம்பவில்லை. ஆனால் அந்த ஓட்டையை அடைத்த மெக்கானிக் பையன்மேல் பழியைப் போடாமல், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "தப்பு எங்களோடது, மன்னிச்சுக்கங்க மேடம்" என்று மேனேஜர் என்னிடம், என்னிடமே, சொன்னது நிஜம்.

திரும்பிப் பார்த்தேன். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக இன்னொருவர் கத்தி முடிக்கும்வரை காத்திருந்திருப்பார்.

வெளியே வந்து வண்டியில் ஏறும்போது, "பரவால்ல. வாயிருக்குது உனுக்கு" என்றார். உடனே, "ஏசிய போடேன், இன்னா வேடிக்க பாக்கற?" என்று கத்தினார்.

அதன்பின் ஒரு சொட்டுகூட விழவில்லை. நான் ஒருநாளும் கம்பெனிக்கு லேட்டாகவில்லை.

யோசித்துப் பார்த்தால், அந்த ஒரு வாரத்தில் அவர் என் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. 'பாவம்' என்று பார்த்ததில்லை, குரலைத் தணித்ததில்லை. ஊர் முழுக்கத் திட்டும் அதே சுருதியில் என்னையும் திட்டினார். எனக்குத் தெரிந்து அப்படி ஒரு மரியாதையை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

இந்த வருஷம் ஷெட்டை மூடிவிட்டு நெமிலியில் மகள் வீட்டோடு போய்விட்டார். நான் மாதம் ஒருமுறை போன் பண்ணுகிறேன்.

"லீக்கா?"

"இல்ல மேஸ்திரி."

"சவுண்டு?"

"நல்லா ஓடுது."

"அப்றம் இன்னாத்துக்கு போன் பண்ணி பேஜார் பண்ற? வேற வேல இல்ல எனுக்கு?"

டக்கென்று வைத்துவிடுவார். ஆனால் இதுவரை ஒருமுறைகூட, இரண்டாவது ரிங் போகும்வரை அவர் என்னைக் காக்க வைத்ததில்லை.