பின்லாந்துத் தலைவரின் ஐஸ் கடை

உலகத்திலேயே ஐஸ் கட்டிக்குப் பொன்னாடை போர்த்திய ஒரே மனிதர் எங்கள் பின்லாந்துத் தலைவர்தான். கடை திறந்த அன்று, முதல் ஐஸ் கட்டிக்குப் போர்த்தினார். அந்தப் பொன்னாடை இன்னும் காயவில்லை என்றே நினைக்கிறேன்.

சென்னையில் எங்கள் கல்மண்டபம் ஏரியாவில் ஒருமுறை கவுன்சிலராக இருந்து, மறுமுறை தோற்றவர். தோற்ற வாரம், பஜ்ஜி மடித்து வந்த பேப்பரில் ஒரு செய்தி. பின்லாந்தில் ஒருவர் மந்திரி பதவிவரை பார்த்துவிட்டு, அரசியலை விட்டு வியாபாரத்துக்குப் போய்ப் பெரிய ஆளாகிவிட்டாராம். தலைவர் அதை எண்ணெயோடு சேர்த்து லேமினேஷன் செய்துகொண்டார். பெயரும் அப்படித்தான் ஒட்டியது.

"இன்னா வியாபாரம்னு போடலியே தலீவரே?" என்றேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம்.

"பேப்பரு அங்க கிழிஞ்சிகீது. பனி கொட்ற ஊருடா அது. ஐஸு யாவாரமாத்தான் இருக்கும்!"

பனி கொட்டும் ஊரில் ஐஸை யார் வாங்குவார்? எட்டாவதோடு நின்றவன் எப்படிக் கேட்பது? சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டேன்.

ஐஸ் கேட்டு வந்தவர்களிடம், "மனுவா எழுதிக் குடு, ஆவன செய்றேன்" என்றார். கூட்டம் கலைந்தது. மிஞ்சிய ஒரே பெரிய வாடிக்கை மீன்கார ஸ்டெல்லாக்கா. அவருக்கும் தினம் ஒரு வரவேற்புரை.

"யோவ் தலீவரே, நீ பேசி முடிக்கங்காட்டியும் ஐஸு தண்ணியாப் பூடுது. கேன் எட்தாரட்டா?"

ஒருநாள் அக்காவும் வரவில்லை. மறுநாளும் இல்லை. கடை மூடினால் என் வேலை? தலைவர் மைக் கட்டிய ஆட்டோவில் என்னையும் ஏற்றி, வழியெல்லாம் கும்பிட்டபடி அக்கா வீட்டுக்குப் போனார்.

அக்கா கால் சுளுக்கிப் படுத்திருந்தார். சொல்லிவைத்த மீன் மட்டும் வாசலில் வந்து இறங்கியிருந்தது.

"அத்தினியும் நாறிப்பூடும் தலீவரே!"

தலைவர் கூடையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். மைக் அலறியது. "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! உங்க வூட்டுச் செல்லப்புள்ள வஞ்சிரம், உங்கள நாடி வந்துகினு கீது!"

தெருவே சட்டியோடு ஓடி வந்தது. தேர்தலில்கூட அவருக்கு அவ்வளவு கூட்டமில்லை. ஒரு வாரம் அப்படியே விற்றுக் கொடுத்தார். எழுந்து நடந்த முதல் நாளே அக்கா, மற்ற மீன்காரப் பெண்களையும் கடைக்கு இழுத்து வந்துவிட்டார்.

இப்போது கடை ஓடுகிறது. ஆனால் அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறாராம். ஜெயித்தால் கடையை மூடிவிடுவார். தோற்க வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

ஓட்டு மட்டும் அவருக்குத்தான் போடுவேன்.