நீக்கிலாப்பிள்ளைக்கு அதிர்ஷ்டம் அடித்த வாரம்

திங்கட்கிழமை, தொலைந்துபோன மூக்குக்கண்ணாடி தன் கோட்டுப் பைக்குள்ளேயே அகப்பட்டபோது நீக்கிலாப்பிள்ளை சந்தோசப்பட்டார். செவ்வாய் மத்தியானம் நண்டுக்கறி வந்ததும் லேசாகப் பயந்தார். புதன்கிழமை மனைவி றீற்றா ரீவி றிமோட்டைத் தானாகவே நீட்டினாள். அவர் அதை வாங்காமல் சிலுவை போட்டுக்கொண்டார். வியாழக்கிழமை ஸ்ரௌவ்வில் நகரில் இருந்து மகள் ஷரோன் கோல் எடுத்தாள். மாதத்துக்கு ஒருதரம் பேசுகிறவள்.

"சும்மாதான் அப்பா. உங்கட வொய்ஸ் கேட்கோணும் போல இருந்துது."

"ஆருக்குச் சுகமில்லை, பிள்ளை?" என்று அலறிவிட்டார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. நல்லது ஒன்று வந்தால் அதே நிறையில் கெட்டது ஒன்று பின்னாலேயே வரும் என்பது அவர் பட்டறிந்த நியாயம். கனடா விசா கிடைத்த அன்று கால் சுளுக்கியது. முதல் வேலை கிடைத்த அன்று பனியில் சறுக்கி முன்பல் போனது.

"நாலு நல்லது வந்திட்டுது றீற்றா. இனி வாறது பெரிசா இருக்கும்."

"அப்ப நாங்களே முந்திக்கொண்டு ஒண்டை இழந்திட்டா?"

"என்னத்தை?"

"உங்களுக்கு உயிரானதாப் பாருங்கோ. சின்னதைக் குடுத்து விதியை ஏமாத்தேலாது."

அவர் யோசித்தார். "அப்ப உம்மை..."

"நான் சொன்னது சாமானை!"

அவர் கண் தானாகவே சோபாவில் போய் நின்றது. எண்பத்தொன்பதில், வோபர்ன் தொடர்மாடியில் குடியிருந்தபோது, யாரோ வீதியோரம் போட்டுவிட்டுப் போன கோப்பி நிறச் சோபா. அன்றைக்கென்று பார்த்து லிஃப்ட் பழுது. கலியாணமாகி ஒன்பதாம் நாள், ஏழு மாடிக்கும் இருவருமாகத் தூக்கினார்கள். மாடிக்கு மாடி இறக்கிவைத்து, அதிலேயே இருந்து இளைப்பாறினார்கள். நாலாம் மாடியில்தான் றீற்றா முதல்முதலாக அவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். இப்போது உட்கார்ந்தால் ஸ்பிறிங் குத்தும். 'எறியுங்கோ' என்று இருபது வருசம் சண்டைபிடித்து, போன வருசந்தான் அவள் ஓய்ந்திருந்தாள்.

வெள்ளி காலை, இப்போது இருக்கும் ரூஜ் பகுதி வீட்டு வாசலால் தூக்கிவந்து வீதியோரம் வைத்தார்கள். அவருக்கு விட்டுப்போக மனமில்லை. அதிலேயே இருந்துவிட்டார். றீற்றா இரண்டு தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"அண்டைக்கு என்னைப் பாத்து ஏன் அப்பிடிச் சிரிச்சனீர்?"

"சேட்டின்ர உள்பக்கம் வெளியில வரப் போட்டிருந்தனீங்கள். சொன்னா வெக்கப்படுவியள் எண்டு சொல்லேல்லை."

"முப்பத்தாறு வருசமாவோ?"

"ஓம்" என்று மறுபடியும் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"சரி, தராசு சமனாயிட்டுது. இனி ஒண்டும் எங்களை அண்டாது" என்று பெருமூச்சு விட்டார்.

அந்த நேரம் ஒரு லொறி வந்து நின்றது. தளபாடக் கடை கஸ்பர் குதித்து இறங்கினார்.

"றீற்றா அக்கா, போன மாசம் புதுச் சோபாவுக்கு ஓடர் தரேக்கை, 'வெள்ளிக்கிழமை காலமை பழசை அவரே தூக்கி வெளியில வைப்பார்' எண்டியள். நான்தான் நம்பேல்லை!"